ஞானசீலன் எடுத்தால் மட்டும் நெளியும் படம்

மும்பை செம்பூரில் இருக்கும் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புது எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த மாதமும், ஞானசீலனுக்குக் குழந்தை பிறந்த மாதமும் ஒன்றாக அமைந்துவிட்டன. இரண்டுக்காகவும் அவன் வெகுகாலம் காத்திருந்தவன். பழைய மைக்ராஸ்கோப்பை அது மூச்சு வாங்கி நிற்கும்வரை ஓட்டியவன் அவன்தான். புதுசு வாங்க மேலிடத்தில் வருஷக்கணக்காக இழுத்தார்கள். குழந்தை விஷயமோ அதைவிட இழுபறி. திலக் நகரில் குடித்தனம் வைத்து, டாக்டர்களையும் ஜெபக் கூட்டங்களையும் மாறி மாறிப் பார்த்து, இனி நமக்கு நாமே துணை என்று அவனும் மனைவி சுனிதாவும் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். அதற்கப்புறம், அவனுக்கு நாற்பத்தாறு வயது நடக்கும்போது, ரெனிட்டா வந்து பிறந்தாள்.

அவளுக்கும் தூக்கத்துக்கும் ஆகாது. தோளில் போட்டுக்கொண்டு ஹாலுக்கும் அடுக்களைக்குமாக நடக்க வேண்டும். நடக்கிற ஆள் ஞானசீலனாகவே இருக்க வேண்டும். சுனிதா தூக்கினால் ரெனிட்டா இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்து அழுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக்காரர்களோடு போய் நிற்பதைக்கூட அவன் அந்த வருஷம் நிறுத்தியிருந்தான்.

புது மைக்ராஸ்கோப்புக்கும் ஏறக்குறைய அதே குணம். அதற்கு அசைவும் ஆகாது, சத்தமும் ஆகாது. கண்ணுக்கே தெரியாத ஒரு பொருளை அது கோடு கோடாகத் தடவிப் பார்த்து, அந்தக் கோடுகளை அடுக்கித் திரையில் படமாக்கும். தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில் பொருள் ஒரு தூசியில் நூறில் ஒரு பங்கு அசைந்தாலும் போச்சு, நேர்க்கோடாக இருக்க வேண்டிய விளிம்பு ரம்பப் பல் மாதிரி நெளிந்து விழும். காற்றில் வரும் சத்தமே அதைத் தள்ளி அசைக்கப் போதுமானது. அதனால் படம் பதிவாகும்போது அறையில் யாரும் பேசக்கூடாது என்பது சட்டம்.

சட்டம் போட்டும் முதல் மாதம் யார் எடுத்த படமும் உருப்படவில்லை. எல்லாரும் சேர்ந்து, வெளியே தூண்களின்மேல் ஓடும் மோனோரயில்மேல் பழியைப் போட்டார்கள். மோனோரயில் மேல் பழி போடுவது சுலபம், அது வந்து மறுத்துப் பேசப்போவதில்லை. ஆய்வகத்தின் தலைவர் வந்தனா மேடம் தாதர்க்காரர், நிதானமான மனுஷி. அவர் மட்டும் அதை நம்பாமல், அதிர்வு அளக்கிற ஓர் இன்ஜினீயரை வரவழைத்தார்.

வந்தது கீதா. தாராவியில் ஒரு நெல்லைக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு வடாலாவில் இருப்பவள். தரையில், சுவரில், மைக்ராஸ்கோப்பின் காலில் என்று சின்னச் சின்ன அளவிகளை ஒட்டிவைத்து, லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஞானசீலன் நெல்லைப் பக்கத்துக்காரன் என்று பேச்சிலேயே தெரிந்துகொண்டதும் அவளுக்குக் குஷி.

“அண்ணே, மோனோரயிலு பாவம்ணே. அது மேல ஒரு குத்தமும் இல்ல,” என்றாள். “கள்ளன் உள்ளதான் இருக்கான். ஒருத்தன் இல்ல, மூணு பேரு.”

முதல் கள்ளன் மைக்ராஸ்கோப்பிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு. அதை அதே தரையில், பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். இரண்டாவது, நேராக இயந்திரத்தின் தலையில் காற்றை ஊதிக்கொண்டிருந்த ஏசி. மூன்றாவது, அடுத்த அறையில் உறுமிக்கொண்டிருந்த தண்ணீர் குளிர்விப்பான். கீதா ஒவ்வொன்றாகப் பிடித்துக் கட்டினாள். பம்பு சுவருக்கு அப்பால் போனது. அதன் குழாய் வழியாக நடுக்கம் ஏறி வராமல் இருக்க, குழாயை மணல் நிரப்பிய பெட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். ஏசிக் காற்றை ஒரு நீளமான துணிக் குழாய்க்குள் விட்டார்கள்; காற்று துணியின் கண்கள் வழியாகக் கசிந்து மெதுவாக இறங்கியது. தண்ணீர் குளிர்விப்பானைத் தாழ்வாரத்தின் கோடிக்குத் தள்ளி வைத்தார்கள். கதவின் ஓரமெல்லாம் ரப்பர். சுவரெல்லாம் தடித்த கம்பளிப் பலகை.

“சுவத்துக்கு ஸ்வெட்டர் போட்டுட்ட,” என்றான் ஞானசீலன்.

“பம்பாய்ல வேற யாருக்குண்ணே ஸ்வெட்டர் வேணும்? சுவருக்காச்சும் போடுவோம்.”

வேலை முடிந்த அன்று எல்லாரும் ஆளுக்கொரு படம் எடுத்துப் பார்த்தார்கள். விளிம்புகள் பிளேடால் கீறியது போல் நேராக வந்தன. வந்தனா மேடம் எல்லாருக்கும் வடாபாவ் வாங்கித் தந்தார்.

ஆனால் அடுத்த வாரமே ஒரு சங்கடம் தலைகாட்டியது. ஞானசீலன் எடுக்கும் படங்கள் மட்டும் நெளிந்தன. எல்லாப் படமும் அல்ல. சுலபமான வேலைகள் சுத்தமாக வந்தன. ரொம்பக் கஷ்டமான சாம்பிள், ரொம்ப நேரம் கூர்ந்து உட்கார வேண்டிய வேலை என்றால் நெளிந்தது. வந்தனா மேடம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்தால் அதே சாம்பிள் கண்ணாடி மாதிரி வந்தது. அவர் எழுந்து போய்க் கால் மணி நேரம் ஆனால் மறுபடி ரம்பப் பல்.

“டென்ஷன் எதுவும் இல்லையே, ஞான்ஜி?” என்று அவர் இந்தியில் கேட்டார். “வீட்டில் எல்லாம் நல்லபடிதானே?”

“எல்லாம் நல்லா இருக்கு மேடம்,” என்றான். அது உண்மைதான். அவன் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை.

முனைவர் பட்டத்துக்காக உலோக இழைகளை ஆராய்ந்துகொண்டிருந்த சாய்நாத் என்ற மாணவர், இதுவரை தன் சாம்பிளை ஞானசீலன் தவிர வேறு யாரையும் தொடவிடாதவர். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். “சார், உங்களுக்கு வேலை அதிகமா இருக்கு. இந்தத் தடவை நானே எடுத்துக்கிறேனே,” என்றார் இந்தியில். ஞானசீலனுக்கு அன்று வேலையே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். “தாராளமா எடுத்துக்கோங்க,” என்று நாற்காலியை விட்டு எழுந்தான். சாய்நாத் எடுத்த படம் நேராகவே வந்தது. ஞானசீலன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அங்கே இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி வெகுநேரம் பார்த்தான்.

அவன் அப்பாவுக்குக் கைநடுக்கம் வந்தது ஏறக்குறைய இதே வயதில்தான். முதலில் வலது கை விரல்கள். பிறகு டீ தம்ளரை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருந்தது. அதன்பின் யாராவது ஊட்ட வேண்டியிருந்தது. தன் விரல்கள் இப்போது நடுங்குகின்றனவா என்று அவனால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பார்க்கப் பார்க்க நடுங்குவது போலவும் இருந்தது. மைக்ராஸ்கோப்பின் குமிழ்களை வைத்த மேஜை தனி, அதிலிருந்து கை நடுக்கம் இயந்திரத்துக்குப் போகாது என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் குமிழைத் திருப்பும் விரல் பிசகினால் ஃபோகஸ் பிசகுமே. பயந்த மனதுக்கு அந்தக் காரணம் போதுமானதாக இருந்தது.

வேலை போவதைப் பற்றிக்கூட அவன் அதிகம் நினைக்கவில்லை. பெண் இப்போதுதான் குப்புற விழக் கற்றிருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போகும்போது தன்னால் ரிப்பன் கட்டிவிட முடியுமா என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றிலிருந்து அவன் குழந்தையைக் குளிப்பாட்டுவதை நிறுத்தினான். சோப்பு வழுக்கும், கைநழுவிவிட்டால்? சுனிதாவிடம் முதுகுவலி என்றான். தூங்கவைக்கும்போது, முன்போல் ஒரு கையில் ஏந்தி நடக்காமல், சோபாவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். ரெனிட்டாவுக்கு அது ஒத்துவரவில்லை. கத்தினாள்.

சுனிதா ஒரு வாரம் பொறுத்தாள். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் நர்சாக இருந்தவள், பிள்ளைகள் சொல்லும் வயிற்றுவலியில் எது நிஜம் எது பொய் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள். ஒரு சாயங்காலம் குழந்தையைத் துடைத்து, பவுடர் போட்டு, அவன் மடியில் கிடத்திவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அலுத்துப்போச்சா உங்களுக்கு?”

“எதுடி?”

“பிள்ள.”

“ஏளா, என்ன பேச்சு பேசுத நீ!” ஒளிக்க நினைத்ததெல்லாம் அதோடு சேர்ந்து வெளியே வந்து விழுந்தது: நெளிகிற படங்கள், சாய்நாத், அப்பாவின் டீ தம்ளர், ரிப்பன் எல்லாம்.

சுனிதா எழுந்து போனாள். தையல் டப்பாவோடு திரும்பி வந்தாள். அதிலிருந்து இருப்பதிலேயே சின்ன ஊசியையும் வெள்ளை நூலையும் எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

“கோருங்க.”

“இப்பவா?”

“கோருங்க, பாப்போம்.”

கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நூல் நுனியை உதட்டில் ஈரமாக்கி, அவன் ஊசியைத் தூக்கிப் பிடித்தான். முதல் தடவையிலேயே நூல் காதுக்குள் போனது. அவள் அதை உருவிவிட்டு இன்னொரு தடவை கோர்க்கச் சொன்னாள். அதுவும் போனது. மூன்றாம் தடவையும் போனதும் அவள் ஊசியை வாங்கி டப்பாவை மூடினாள்.

“ஒண்ணும் இல்ல உங்க கைக்கு,” என்றாள். “நாளைக்கு டாக்டர்கிட்டயும் காட்டுவோம். ஒரு வாரமா என்னைய என்ன நெனப்பு நெனைக்க வச்சிட்டீங்க! கிறுக்குப் பய மாதிரி எல்லாத்தையும் உள்ள வச்சுக்கிட்டு…” மீதியைச் சொல்லாமல் அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். ரெனிட்டா அதைப் பார்த்துச் சிரித்தாள்.

டாக்டர் நடக்கவைத்தும் எழுதவைத்தும் விரலால் மூக்கைத் தொடவைத்தும் பார்த்துவிட்டு, தூக்கம் குறைவு என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார். ஞானசீலன் க்ளினிக் வாசலில் நின்றே கீதாவுக்கு ஃபோன் போட்டான். இதுவரை யாரிடமும் சொல்லக் கூசியதை நேராகச் சொன்னான்: நான் எடுத்தால் மட்டும் நெளிகிறது, நான் தனியாக இருந்தால் மட்டும் நெளிகிறது.

கீதா சிரிக்கவில்லை. “தனியா இருக்கும்போது மட்டுமா? அப்ப அது மெஷின் இல்லண்ணே. நாளைக்கு வாரேன். நீங்க உங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க, நான் மைக்க வச்சிட்டுப் போயிருதேன்.”

சொன்னபடியே வந்து, அளவிகளோடு ஒரு மைக்கையும் அறை மூலையில் நிறுத்திவிட்டுப் போனாள். மைக் இருப்பது ஞானசீலனுக்குத் தெரியும். காலையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு கூசியது. மத்தியானம் ஒரு கடினமான சாம்பிளில் மூழ்கியதும் மறந்துபோனான். படம் வழக்கம்போல் நெளிந்தது.

மறுநாள் கீதா வந்தபோது அவள் முகத்தில் ஒரு மாதிரியான அடக்கம் இருந்தது. வந்தனா மேடத்தின் அறையில் மூன்று பேரும் கூடினார்கள்; சாய்நாத் தானாக வந்து கதவோரம் நின்றுகொண்டார். கீதா லேப்டாப்பில் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். சமதரை போல் ஓடிய கோட்டில் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக ஒரு மலை எழும்பி நின்றது.

“படம் நெளிஞ்ச நேரத்துல எல்லாம் இந்த ஒரு சத்தம் இருக்கு. நல்லா இருக்கிற நேரத்துல இல்ல. மைக்குல பதிஞ்சத போடுதேன், கேளுங்க.”

முதலில் ஏசியின் மெல்லிய சீறல். ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு, தரைக்கு அடியிலிருந்து வருவது போல, கனத்த தாழ்ந்த ரீங்காரம்.

“இது அந்தத் தண்ணி மெஷின்லா?” என்றான் ஞானசீலன். “அதத்தான் தள்ளி வச்சாச்சே. வேற பம்பு எங்கயாச்சும் ஓடுதா?”

“கேளுங்கண்ணே.”

ரீங்காரம் ஏறியது, இறங்கியது, கடைசியில் ஓர் இடத்தில் வந்து நீளமாகத் தங்கியது. மறுபடி ஏறியது. அதற்குள் வார்த்தைகள் முளைத்தன.

“மொட்டத்தல மகாராணி… மூக்கொழுகும் மகாராணி… அப்பா சட்டைய நனைச்சுப்போட்ட அதிகாரி… ம்ம்ம்…”

சாய்நாத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரலைத் தெரியும். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். வந்தனா மேடம் ஒரு கணம் விழித்துவிட்டு, “ஞான்ஜி, இது நீங்களா?” என்றார்.

ஞானசீலனுக்குக் காதுவரை சூடேறியது. வீட்டில் குழந்தையைத் தோளில் போட்டு நடக்கும்போது பாடுவது அது. அவனே இட்டுக்கட்டியது, நாளுக்கு நாள் வார்த்தை மாறும். அதை இங்கேயும் பாடுகிறான் என்பது அவனுக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது. மனம் ஒன்றில் ஊன்றியதும் வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்துவிடுகிறது. யாராவது பக்கத்தில் இருந்தால் பேச்சு இருக்கும், படம் பதிவாகும்போது எல்லாரோடும் சேர்ந்து அவனும் வாயை மூடிக்கொள்வான். தனியாக இருந்தால் மகாராணி வந்துவிடுகிறாள்.

“மேடம், மன்னிச்சுக்கோங்க, நான் வேணும்னு…” என்று தொடங்கினான்.

மேடம் கையைக் காட்டி நிறுத்தினார். “கீதா, அர்த்தம் சொல்லு.” கீதா இந்தியில் சொல்லச் சொல்ல அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை போடு,” என்றார்.

பிறகு எல்லாரும் மைக்ராஸ்கோப் அறைக்குப் போனார்கள். கீதா அவனைப் பாடச் சொன்னாள். குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பாடினால் திரையில் விளிம்பு அப்படியே நேராக நின்றது. கடைசி வரியின் தாழ்ந்த இடத்துக்கு வந்ததும் அந்த அறையே அந்தச் சத்தத்தை வாங்கித் திருப்பிப் பாடுவது போல் பெருகியது, விளிம்பு நெளிந்தது. “ரூமோட நீளத்துக்கு இந்த ஒரு சத்தம் சரியாப் பொருந்துதுண்ணே. கம்பளிப் பலகை கீச்சுச் சத்தத்த எல்லாம் குடிச்சிரும், இவ்வளவு அடிக்குரல அதால குடிக்க முடியாது,” என்றாள் கீதா. மேடம் அந்தக் குரலில் பாட முயன்றார், எட்டவில்லை. சாய்நாத் முயன்றார், இருமல் வந்தது. “அந்தத் திறமை இங்க ஒருத்தருக்குத்தான் இருக்கு,” என்றார் மேடம்.

திறமை இருந்து என்ன? படம் வேண்டுமே. அடுத்த சில நாட்கள் ஞானசீலன் வாயைக் கட்டிப் பார்த்தான். சுனிதா ஒரு பொட்டலம் புளிப்பு மிட்டாய் வாங்கிக் கொடுத்தனுப்பினாள். மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே மகாராணி வந்தாள். பாடக்கூடாது என்று கெட்டியாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்தால், நினைப்பெல்லாம் அதிலேயே போய், ஃபோகஸ் கைவிட்டுப் போனது. கடைசியில் அவனே மேடத்திடம் போனான். சாம்பிள் தயாரிக்கும் வேலையைத் தனக்குக் கொடுத்துவிடலாம், மைக்ராஸ்கோப்பை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றான். இதைச் சொல்ல அவன் காலையிலிருந்து ஒத்திகை பார்த்திருந்தான்.

மேடம் அவனை உட்காரச் சொன்னார். மேஜை இழுப்பறையிலிருந்து கீதாவின் முதல் அறிக்கையை எடுத்தார். “இதிலேயே எழுதியிருக்கிறாள்: மைக்ராஸ்கோப் அறையில் ஆளே இருக்கக்கூடாது, ஓட்டுகிறவர் அடுத்த அறையிலிருந்து ஓட்ட வேண்டும் என்று. நாம்தான் தள்ளிப்போட்டோம். ஏன் தெரியுமா? அடுத்த அறையில் உடைந்த நாற்காலிகள் கிடக்கின்றன, அதை யார் அப்புறப்படுத்துவது என்று!” அவருக்கே வெட்கமாக இருந்தது. “ஆள் இருந்தாலே தொந்தரவுதான், ஞான்ஜி. மூச்சு, உடம்புச் சூடு, நாற்காலி அசைவு எல்லாமே. உங்கள் பாட்டு மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டுவிட்டது. உங்களை மாற்றுவதைவிட நாற்காலிகளை மாற்றுவது சுலபம்.”

நாற்காலிகளை எல்லாரும் சேர்ந்தே தூக்கினார்கள். வந்தனா மேடமும் புடவையைச் செருகிக்கொண்டு இரண்டைத் தூக்கினார். நடுச் சுவரில் இரட்டைக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். கேபிள்கள் சுவரைத் துளைத்து வரும் இடத்தைக் கீதா பக்கத்தில் நின்று பார்த்து, இண்டு இடுக்கு விடாமல் அடைக்கச் செய்தாள். திரை, குமிழ்கள், நாற்காலி எல்லாம் இப்பக்கம் வந்தன. கண்ணாடிக்கு அப்பால் மைக்ராஸ்கோப் தன்னந்தனியாக நின்றது.

முதல் நாள் சாய்நாத் தன் கடைசி சாம்பிளோடு வந்தார். தட்டை இரண்டு கையாலும் நீட்டி, “சார், நீங்கதான் எடுக்கணும்,” என்றார். ஞானசீலன் தட்டை வாங்கிக்கொண்டான். பொருளை உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

பாதி வேலையில் சுனிதா வந்தாள், கூடவே வந்தனா மேடமும். குழந்தைக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் இந்தப் புது ஏற்பாட்டைப் பார்க்க அவளையும் மேடம் கூப்பிட்டிருந்தார். ஊசி போட்ட தொடையைத் தொட்டால்கூட ரெனிட்டா அலறினாள். அறைக்குள் நுழைந்ததும் அப்பாவைக் கண்டாள். கண்டதும் அலறல் இன்னும் ஒரு படி ஏறியது. திரையில் அப்போதுதான் படம் ஒவ்வொரு கோடாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. சாய்நாத்தின் முகம் வெளிறியது. “நான் வெளிய போயிருதேன்,” என்று சுனிதா பதறித் திரும்பினாள்.

“நில்லுளா, அங்கனயே நில்லு,” என்றான் ஞானசீலன், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

எல்லாரும் நின்றார்கள். குழந்தை தொண்டை கிழியக் கத்தினாள். உலோக இழை திரையில் அங்குலம் அங்குலமாக இறங்கியது. இரண்டு விளிம்பும் ஈர்க்குச்சி போல் நேராக வந்தன. கடைசிக் கோடும் விழுந்தது. சாய்நாத் குனிந்து, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, “சார்,” என்று மட்டும் சொன்னார்.

ஞானசீலன் எழுந்து குழந்தையை வாங்கி, ஒரே கையில் ஏந்திக்கொண்டான். அந்தச் சின்ன அறையில் மூன்று எட்டு நடந்தால் சுவர் வந்துவிடும். அவன் நடந்தான். ஊசி போட்ட டாக்டரைத் திட்டி அப்போதே ஒரு வரி கட்டி, தாழ்ந்த குரலில், யாருக்கும் கூசாமல் பாடினான். ரெனிட்டா விக்கி விக்கி அடங்கித் தூங்கிப்போனாள்.

“இவ இங்க நல்லா தூங்குதா,” என்றாள் சுனிதா மெதுவாக. “தினமும் கொண்டாந்து விட்டுட்டுப் போகட்டுமா?”

“கொண்டு வந்து விடு,” என்றார் வந்தனா மேடம், அவருக்குத் தமிழ் புரிந்ததோ இல்லையோ, ஜாடையைப் பார்த்தே. சாய்நாத் அடுத்த படத்தை நினைத்து ஞானசீலனின் காலி நாற்காலியைப் பார்த்தார், உட்காரவில்லை. அவன் நடந்து முடிக்கட்டும் என்று நின்றுகொண்டே இருந்தார்.